நீலாங்கரையில் தொடங்கி பெசன்ட் நகரில் விடிந்த இரவு: ஆமை நடைக்கு நாங்கள் போய்வந்த கதை

கல்யாணமாகி 15 வருஷம் ஆகிறது. அவருக்கு ஒரகடத்தில் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை; ஒரு வாரம் பகல் ஷிஃப்ட், ஒரு வாரம் நைட் ஷிஃப்ட். எனக்குத் தாம்பரத்தில் மருந்துக்கடையில் வேலை, காலை 9 மணி முதல் இரவு 8 மணி வரை. நைட் ஷிஃப்ட் வாரங்களில் நான் வீட்டுக்குள் நுழைவேன், அவர் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கிளம்புவார். வாசலில் பேசுவதுதான் அன்றைய பேச்சு. இப்படி இருப்பவர்கள் இந்த ஊரில் நிறைய பேர். அவர்களுக்காகத்தான், கடலாமை முட்டைகளைத் தேடி இரவில் கடற்கரையில் நடக்கும் இந்த ஆமை நடையைப் பற்றி எழுதுகிறேன்.

போன வருஷம் கல்யாண நாளுக்கு ஈ.சி.ஆரில் கடலை ஒட்டிய ஓர் உணவகத்தில் 'கேண்டில் லைட் டின்னர்' பதிவு செய்தோம். பெயர் வேண்டாம். 5,800 ரூபாய். மணலில் மேஜை, ரோஜா இதழ், கண்ணாடிக் குடுவைக்குள் மெழுகுவத்தி எல்லாம் இருந்தது. கடல் இருபதடி தூரத்தில். ஆனால் நாலு மூலையிலும் ஸ்பீக்கர் வைத்திருந்ததில் அலைச் சத்தம் ஒன்றுகூடக் காதில் விழவில்லை. மணலில் பாய்ச்சிய பெரிய விளக்கில் அவர் முகம் வெளிறித் தெரிந்தது. ஸ்கூல் ஃபீஸ் பற்றிப் பேசினோம். அப்புறம் அதையும் பேசவில்லை. திரும்பி வரும்போது பைக்கில் அவர் முதுகில் சாய்ந்துகொண்டு மேடவாக்கம் வரை பேசிக்கொண்டே வந்தோம். எங்களுக்கு எப்போதும் அப்படித்தான். எதிரெதிரே உட்கார வைத்தால் பேச்சு வராது. வீடு வாங்கலாம் என்று முடிவு செய்ததும், இரண்டு குழந்தை போதும் என்று முடிவு செய்ததும் பைக்கில் போகும்போதுதான்.

இரவில் கடற்கரையில் நாங்களாகப் போய் உட்காரலாமே என்றால், அதுவும் முடிகிற காரியமில்லை. ஒருமுறை பத்தரை மணிக்கு மணலில் உட்கார்ந்திருந்தபோது ஒருவர் டார்ச் அடித்துக்கொண்டு வந்து, "ரெண்டு பேரும் புருஷன் பொண்டாட்டியா?" என்று கேட்டார். நான் தாலியை வெளியே எடுத்துக் காட்ட வேண்டியிருந்தது. எனக்கு அப்போது 39 வயது. இன்னும் அந்தக் கோபம் தீரவில்லை.

அதற்கப்புறம்தான் ஆமை நடை பற்றித் தெரிந்தது. கடைக்கு ஒரு கல்லூரிப் பையன் முழங்காலுக்கு கிரேப் பேண்டேஜ் வாங்க வந்தான். என்னப்பா ஆச்சு, ஃபுட்பாலா என்று கேட்டேன். "இல்லக்கா, ராத்திரியில ஆமைக்காக மணல்ல நடக்கறேன்" என்றான். அவன் சொன்னதைக் கேட்டு அன்றைக்கே அவரிடம் சொன்னேன். "எத்தனை மணிக்கு?" என்றார். நடுராத்திரியிலிருந்து விடியற்காலை வரை என்றேன். "அந்த நேரத்துல நான் எப்பவும் முழிச்சுதான் இருப்பேன். நீ தாங்குவியா?" என்றார்.

விஷயம் இதுதான். ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை சென்னைக் கரையில் ஆலிவ் ரிட்லி ஆமைகள் முட்டையிட வரும். நம் மீனவர்கள் பங்குனி ஆமை என்பார்கள். 1970களில் பாம்பு நிபுணர் ராமுலஸ் விட்டேக்கரும் அவர் நண்பர்களும் இந்த மணலில் இரவில் நடந்து முட்டைகளைத் தேடிக் காப்பாற்றத் தொடங்கினார்கள். 1988இலிருந்து கல்லூரி மாணவர்கள் அதைத் தங்கள் வேலையாக எடுத்துச் செய்கிறார்கள். ஸ்டூடண்ட்ஸ் சீ டர்ட்டில் கன்சர்வேஷன் நெட்வொர்க் என்று பெயர். சுருக்கமாக எஸ்.எஸ்.டி.சி.என். தன்னார்வலர்கள் தினமும் நடக்கிறார்கள். வார இறுதி இரவுகளில் நம்மைப் போன்றவர்களையும் சேர்த்துக்கொள்கிறார்கள். நீலாங்கரையில் தொடங்கி பாலவாக்கம், கொட்டிவாக்கம், திருவான்மியூர் வழியாக பெசன்ட் நகர் வரை ஏறத்தாழ 7 கிலோமீட்டர்.

நாங்கள் போனது பிப்ரவரி நடுவில் ஒரு சனிக்கிழமை. பிள்ளைகள் இரண்டையும் சேலையூரில் அம்மா வீட்டில் விட்டோம். ஒரு யோசனை சொல்கிறேன், எங்களுக்கு அந்தப் பையன் சொன்னது: நடை முடிவது பெசன்ட் நகரில் என்பதால் வண்டியை முதலிலேயே அங்கே நிறுத்திவிட்டு, ஆட்டோவில் நீலாங்கரைக்குப் போய்விடுங்கள். இல்லையென்றால் விடியற்காலை நாலரைக்குக் கால் கடுக்க வண்டியைத் தேடி மறுபடி நீலாங்கரைக்குப் போக வேண்டும்.

அன்றைக்கு முப்பது பேருக்கு மேல் இருந்தோம். பெரும்பாலும் காலேஜ் பிள்ளைகள், இரண்டு குடும்பங்கள், எங்களைப் போல ஒரு ஜோடி. மணலில் வட்டமாக உட்கார வைத்து ஒரு பெண் முதலில் முக்கால் மணி நேரம் பேசினாள். இருபத்திரண்டு வயது இருக்கும். டார்ச் கூடாது, ஃபோனில் வெளிச்சம் கூடாது, ஆமையைப் பார்த்தால் எல்லாரும் பின்னால் நிற்க வேண்டும், ஃப்ளாஷ் அடித்துப் படம் எடுக்கவே கூடாது. எதற்கு என்றும் சொன்னாள். முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சு எந்தப் பக்கம் வெளிச்சம் அதிகமோ அந்தப் பக்கம் ஓடும். மனிதர்கள் விளக்கு போடாத காலத்தில் இரவில் வெளிச்சமான இடம் கடல்தான். இப்போது தெருவிளக்கும் கடையும் வீடும்தான் கடலைவிடப் பளிச்சென்று இருக்கின்றன. குஞ்சுகள் கடலுக்கு முதுகைக் காட்டி ரோட்டை நோக்கி ஊர்ந்து போய்ச் சாகின்றன. அதனால்தான் முட்டைகளை எடுத்து வந்து வேலி போட்ட பொரிப்பகத்தில் புதைக்கிறார்கள்.

எனக்கு அந்த 5,800 ரூபாய் விளக்கு ஞாபகம் வந்தது. அவர் இருட்டில் என் கையைத் தொட்டு, "நம்ம டேபிள் லைட்டு" என்றார். அவருக்கும் அதே ஞாபகம்.

பன்னிரண்டு மணிக்கு மேல் நடக்கத் தொடங்கினோம். வலது பக்கம் கடல், இடது பக்கம் ஊர். முதல் அரை மணி நேரம் எனக்குப் பிடிக்கவில்லை, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஈர மணலில் கால் புதைகிறது. குப்பத்துப் பக்கம் வலையும் கயிறும் கால்களில் மாட்டுகின்றன. சில இடங்களில் சாக்கடை நாற்றம். உடைந்த பாட்டில் கிடக்கிறது. செருப்பைக் கழற்ற ஆசையாக இருக்கும், கழற்றாதீர்கள். பாலவாக்கம் தாண்டுவதற்குள் செத்த ஆமை ஒன்றைப் பார்த்தோம். ஓடு இரண்டடி நீளம், கண் பிதுங்கி, கழுத்து வீங்கி. ஆமைக்கும் நம்மைப் போல நுரையீரல்தான். மூச்செடுக்க மேலே வந்தாக வேண்டும். விசைப்படகுகள் இழுத்துப் போகும் வலையில், அதாவது இழுவைமடியில், மாட்டிக்கொண்டால் மேலே வர முடியாது. 2025 ஜனவரியில் இதே கரையில் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கியதைப் பேப்பரில் படித்திருக்கிறேன். படிப்பது வேறு. அந்த முகத்தைக் குனிந்து பார்த்துவிட்டு நான் கொஞ்ச நேரம் யாருடனும் பேசவில்லை. அவரும் பேசச் சொல்லவில்லை. பக்கத்தில் நடந்துவந்தார்.

பன்னிரண்டரை வாக்கில் கடலிலிருந்து பாதி நிலா எழுந்தது. தேய்பிறை அஷ்டமி. எவ்வளவு சிவப்பாக, எவ்வளவு மெதுவாக வந்தது! தண்ணீரின் மேல் ஒரு பாதை போட்டது போல வெளிச்சம் எங்கள் காலடி வரை வந்தது. அதற்கப்புறம் கண் இருட்டுக்குப் பழகிவிட்டது, காலும் மணலுக்குப் பழகிவிட்டது. முன்னால் போன கூட்டம் கொஞ்சம் தள்ளிப் போக, நாங்கள் கடைசியில் நடந்தோம். இருட்டில், பக்கவாட்டில், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல். பைக்கில் போவது போலவே.

கொட்டிவாக்கத்தில் முன்னால் போனவர்கள் நின்றுவிட்டார்கள். தண்ணீரிலிருந்து மேலே ஏறி, மறுபடி தண்ணீருக்குள் இறங்கிய தடம். சின்ன டிராக்டர் ஒன்று போய்வந்தது போல இரண்டடி அகலத்துக்கு மணல் கீறியிருந்தது. ஆமை போய்விட்டது. தடத்தைப் பார்த்தே எது ஏறின தடம், எது இறங்கின தடம் என்று அந்தப் பிள்ளைகள் சொன்னார்கள். நடுவில் மணல் கலைந்த இடத்தில் ஒரு பையன் கம்பை மெல்ல இறக்கி இறக்கிப் பார்த்தான். கெட்டி மணலில் கம்பு நிற்கும். முட்டைக் குழி மேல் பட்டால் பொதுக்கென்று உள்ளே போகும். அப்படிப் போனதும் கம்பை வைத்துவிட்டுக் கையால் தோண்டினான். ஒன்றரை அடி ஆழம், வாய் குறுகி அடி அகன்ற பானை போல ஒரு குழி. முழங்கைக்கு மேல் வரை கையை விட்டு ஒவ்வொன்றாக எடுத்தான்.

முட்டை டேபிள் டென்னிஸ் பந்து அளவு. கோழிமுட்டை போல ஓடு கிடையாது, தோல் போல இருக்கும். விரல் பட்டால் குழிகிறது. அவர்கள் எண்ணினார்கள். மாத்திரை எண்ணிப் பழகிய வாய், நானும் கூடவே மனசுக்குள் பத்துப் பத்தாக எண்ணினேன். 112. இரண்டு பேர் எண்ணிக்கையும் சரியாக வந்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்ல. துணிப்பைக்குள் கொஞ்சம் அதே குழியின் மணலையும் சேர்த்து எடுத்துக்கொண்டார்கள். குழியின் ஆழத்தையும் அளந்தார்கள். பொரிப்பகத்தில் அதே ஆழத்தில், அதே வடிவத்தில் குழி தோண்டி வைக்க வேண்டுமாம். மணலின் சூட்டை வைத்துத்தான் குஞ்சு ஆணா பெண்ணா என்பதே முடிவாகும். சூடு கூடினால் பெண் கூடும்.

முட்டை எடுக்கும் நேரத்தில் அந்தப் பெண் ஒரு கதை சொன்னாள். கதை என்கிறேன், நடந்ததுதான். சதீஷ் பாஸ்கர் என்று ஒருவர். சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர், ஆமைகளைத் தேடி இந்தியாவின் கடற்கரைகளை நடந்தே அளந்தவர். 1982இல் லட்சத்தீவில் ஆளில்லாத ஒரு தீவில் மழைக்காலம் முழுக்கத் தனியாக இருந்து ஆமைகளைப் பற்றிக் குறிப்பெடுத்திருக்கிறார். படகு வராத மாதங்கள். மனைவிக்குக் கடிதம் எழுதி, பாட்டிலுக்குள் போட்டு மூடிக் கடலில் எறிவாராம். அதில் ஒன்று இலங்கையில் ஒரு மீனவர் கையில் கிடைத்து, அவர் அதைத் தபாலில் போட்டு, அது அந்த அம்மாவுக்கு வந்தே சேர்ந்துவிட்டது.

கேட்டுவிட்டு எல்லாரும் கடலைப் பார்த்தோம். அந்த அம்மா தபால்காரரிடம் கையெழுத்தைப் பார்த்த நிமிஷத்தை நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

திருவான்மியூர் வந்தபோது மணி 3 தாண்டிவிட்டது. எனக்கு முழங்காலில் வலி தெரியத் தொடங்கியிருந்தது. அவர் நின்று, "எங்க கேன்டீன்ல இப்ப டீ வந்திருக்கும்" என்றார். அவருடைய நைட் ஷிஃப்டில் 3 மணி டீ என்று ஒன்று இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். 15 வருஷமாகத் தெரியாது. டீயை வாங்கிக்கொண்டு எங்கே நின்று குடிப்பீர்கள் என்று கேட்டேன். ஷெட்டுக்கு வெளியே, லோடு ஏற்றும் மேடையில் என்றார். அப்புறம் என் தோளைப் பிடித்து, நாங்கள் நடந்துவந்த பக்கமாகத் திருப்பினார்.

"நிலாவுக்குக் கீழ பாரு. செவப்பா ஒண்ணு தெரியுதா?"

தெரிந்தது. தென்கிழக்கே, கடலுக்கு மேல், துடித்துக்கொண்டு.

"அதான் கேட்டை. உன் நட்சத்திரம்."

கேட்டை நட்சத்திரப் பெண் மூத்த மைத்துனருக்கு ஆகாது என்பார்கள். அவருக்கு ஓர் அண்ணன் உண்டு. அந்த ஒரு சொல்லுக்காக எங்கள் கல்யாணம் ஆறு மாசம் நின்றது. அவர் அவங்க அம்மாவிடம் சண்டை போட்டுத்தான் முடித்தார். அதற்குப் பின் என் நட்சத்திரத்தின் பெயரை அந்த வீட்டில் யாரும் சொல்வதில்லை. கோயிலில் அர்ச்சனைக்குச் சொல்லும்போதுகூட நான் மெதுவாகத்தான் சொல்வேன்.

"உங்களுக்கு யாரு காட்டினாங்க?"

"மெயின்டனன்ஸ்ல ஒரு பெரியவர் இருந்தார், ஜாதகம் பார்ப்பார். நான்தான் போய்க் கேட்டேன், இதுல கேட்டை எதுன்னு. தை, மாசில டீ குடிக்க வெளிய வர்ற நேரத்துக்குச் சரியா மேல வந்திருக்கும். பத்துப் பன்னெண்டு வருஷமா பாக்கறேன்."

"எங்கிட்ட சொன்னதே இல்லையே?"

"எப்ப சொல்றது. நீ தூங்கிட்டிருப்ப."

இதற்கு மேல் அந்த இடத்தைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை. கூட்டம் தூரம் போய்விட்டது, ஒரு பையன் திரும்பி வந்து "அக்கா, வாங்க" என்று கூப்பிட்டான்.

பெசன்ட் நகர் போய்ச் சேர்ந்தபோது நாலு மணி தாண்டியிருந்தது. எங்கள் 112 முட்டைகளையும் பொரிப்பகத்தில் புதிதாகத் தோண்டிய குழிக்குள் வைத்து, மணலை மூடி, தேதியும் எண்ணிக்கையும் எழுதிய பலகையைச் செருகினார்கள். எல்லியட்ஸ் கடற்கரையில் கார்ல் ஷ்மிட் நினைவு மண்டபத்தைத் தாண்டி நடந்து, அப்போதுதான் பால் காய்ந்துகொண்டிருந்த ஒரு கடையில் இரண்டு டீ குடித்தோம். 1930இல் நீரில் தத்தளித்தவர்களைக் காப்பாற்றப் போய் உயிரை விட்ட டென்மார்க்காரர் ஒருவரின் நினைவாகக் கட்டியது அந்த மண்டபம். எத்தனையோ முறை அதன் பக்கத்தில் சுண்டல் தின்றிருக்கிறோம். அன்றைக்குத்தான் கிட்டே போய்ப் பார்த்தேன்.

மொத்தச் செலவு ஆட்டோவுக்கும் டீக்கும் கொடுத்ததுதான். எங்கள் விருப்பத்தில் 500 ரூபாய் நன்கொடையும் கொடுத்தோம்.

போக நினைப்பவர்களுக்கு இன்னும் சில விஷயம். அன்றைக்கு உயிருள்ள தாய் ஆமையை நாங்கள் பார்க்கவே இல்லை. பார்த்தே தீர வேண்டும் என்று போகிறவர்கள் ஏமாந்து திரும்பலாம். ஒடிசாவில் கஹிர்மாதாவிலும் ருஷிகுல்யாவிலும் ஆயிரக்கணக்கில் ஒன்றாகக் கரையேறும். இங்கே தனித்தனியாகத்தான் வரும், தடம்கூடக் கிடைக்காத இரவுகளும் உண்டு. வழியில் கழிவறை கிடையாது, நாலைந்து மணி நேரத்துக்குக் கிடையாது. பெண்களுக்கு இது பெரிய விஷயம், அதற்கேற்ப யோசித்துக் கிளம்புங்கள். புடவை வேண்டாம், சுடிதாரும் வார் வைத்த செருப்பும் சரியாக இருக்கும். தண்ணீர் பாட்டிலைத் திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள். முழங்கால் தேய்மானம் உள்ளவர்கள் வீம்புக்கு வராதீர்கள். மறுநாள் கடையில் நாள் முழுக்க நிற்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். தேதிகளை ஒவ்வொரு சீசனுக்கும் அவர்களே அறிவிப்பார்கள், பார்த்துவிட்டுப் பதிவு செய்துகொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமையை முழுசாகத் தூக்கத்துக்கு ஒதுக்கிவையுங்கள்.

நடக்க முடியாதவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. முட்டை பொரிய 45 நாளுக்கு மேல் ஆகும். மார்ச், ஏப்ரல் மாலைகளில் பெசன்ட் நகர்ப் பொரிப்பகத்துக்குப் போனால், அன்றைக்குக் குஞ்சு வந்திருந்தால் கடலில் விடுவதைப் பார்க்கலாம். நாங்கள் நாள் கணக்குப் போட்டு 49ஆம் நாள் போனோம். எங்கள் குழியின் குஞ்சுகள் முந்தைய நாள் விடியற்காலையிலேயே வெளியே வந்து கடலுக்குப் போய்விட்டன. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்துக் குழியில் அன்று வெளியே வந்த எழுபது சொச்சத்தைப் பார்த்தோம். உள்ளங்கைக்குள் அடங்கும், கருஞ்சாம்பல் நிறம். தண்ணீரிலிருந்து பத்தடி தள்ளி மணலில் விட்டார்கள். தூக்கிப் போய்த் தண்ணீரில் போடுவதில்லை, அந்த மணலில் அவை தாமாக நடந்தே போக வேண்டுமாம். ஓர் அலை வந்து பாதியைக் கொண்டுபோனது. ஒன்று மட்டும் மல்லாந்துபோய்த் துடுப்பை ஆட்டிக்கொண்டிருந்தது. அவர் என் கையை இறுக்கிப் பிடித்திருந்தார். அடுத்த அலை அதைப் புரட்டி எடுத்துப் போன பிறகுதான் விட்டார்.

இப்போது நைட் ஷிஃப்ட் வாரங்களில் காலை ஐந்தரைக்கு எழுந்து ஃபோனைப் பார்த்தால், 3 மணி சுமாருக்கு அவரிடமிருந்து ஒரு வரி வந்திருக்கும். மேகமாக இருந்தால் "இன்னிக்குத் தெரியல" என்று வரும். அடுத்த வருஷத்து ஷிஃப்ட் அட்டவணை டிசம்பரில் போடுவார்கள். பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை வேண்டும் என்று சூப்பர்வைசரிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறார். அம்மாவிடமும் சொல்லிவிட்டேன்.